பூட்டிக்கொள்வதா, அவிழ்த்துக்கொள்வதா

தம்பி ஒரு வாரம் லீவு போட்டுவிட்டான். "அம்மாவ நான் பாத்துக்கறேன். நீ எங்கயாவது போய்ட்டு வாக்கா. கண்ணாடியப் பாத்தியா? மூஞ்சி இஸ்திரி போடாத துணி மாதிரி இருக்கு" என்றான். சொன்னதோடு அவன் வேலை முடிந்தது. நான்தான் அன்றிலிருந்து இரண்டு விண்ணப்பங்களை வைத்துக்கொண்டு முழித்துக்கொண்டிருக்கிறேன். ஒன்று ஆறு நாள் யோகா ரிட்ரீட். இன்னொன்று ஆறு நாள் களிமண் ரிட்ரீட். சக்கரத்தில் பாண்டம் வனையக் கற்றுத்தருகிறார்கள். இரண்டும் ஒரே வாரத்தில் வருகின்றன.

"எங்க போனா என்ன, ரெஸ்ட்தானே? ரெண்டும் ஒண்ணுதான்" என்றாள் தோழி. ஒன்றில்லை. இரண்டு முறை தப்பாகத் தேர்ந்தெடுத்து, இரண்டு முறையும் போனதைவிடக் களைத்துத் திரும்பியவள் என்ற ஒரே தகுதியில் இதைச் சொல்கிறேன்.

முதலில் அந்தச் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. ரிட்ரீட் என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று நானும் யோசித்துப் பார்த்துவிட்டேன். முகாம் என்றால் கண் பரிசோதனை ஞாபகம் வருகிறது. பயிலரங்கு என்றால் ஃபைலும் சான்றிதழும். அதன் மூலப்பொருளோ படை பின்வாங்குவது. நம் பழைய பாட்டுகளில் அதற்கு மரியாதையே கிடையாது. முதுகில் புண்பட்டதற்கு வெட்கி வடக்கிருந்து உயிர்விட்ட சேரன் கதை நமக்குத் தெரியும். அந்த வெட்கம் இன்னும் முழுசாகப் போகவில்லை என்று நினைக்கிறேன். ரிட்ரீட் போகிறேன் என்று சொல்கிற யாரும் அதோடு நிறுத்துவதில்லை, "டாக்டரே சொன்னார்", "ஆபீஸ்ல கட்டாயம் லீவு எடுக்கச் சொல்லிட்டாங்க" என்று ஒரு சாக்கையும் சேர்த்துக் கட்டுகிறோம். நானும் இதோ தம்பியைக் கொண்டுதானே ஆரம்பித்தேன்.

சரி, முதல் தப்பு.

அந்த வருடம் வேலையில் ஒரு குழுவுக்குப் பொறுப்பாக இருந்தேன். பொறுப்பு என்றால் வேறொன்றும் இல்லை, நாள் முழுக்க ஆமாம், இல்லை, அப்புறம் என்று சொல்லிக்கொண்டிருப்பது. யாருக்கு லீவு, எந்தக் கோப்பு முதலில், இந்த மின்னஞ்சலில் "வருந்துகிறோம்" போடலாமா கூடாதா. இரவு வீட்டுக்கு வந்தால் என்ன சமைக்கலாம் என்று யாராவது கேட்டாலே கண்ணீர் வரும் நிலை. அந்த நிலையில் ஒரு நீர்வண்ண ரிட்ரீட்டில் சேர்ந்தேன். சின்ன வயசில் வரைந்திருக்கிறேன், விட்டுப்போச்சு, இப்போது போய் மனசு விட்டு வரைந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று கணக்கு.

முதல் நாள் காலை ஆளுக்கொரு மேஜை. நல்ல தடித்த நீர்வண்ணத் தாள், 300 ஜிஎஸ்எம், கோல்ட் பிரஸ். கையால் தடவினால் மெலிதான சொரசொரப்பு. பன்னிரண்டு வண்ணம், மூன்று தூரிகை, இரண்டு குவளைத் தண்ணீர். ஆசிரியர் மிக நல்ல மனிதர். எல்லாரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "உங்களுக்குப் பிடித்ததை வரையுங்கள்" என்றார்.

எனக்கு அந்த நிமிடமே வீட்டுக்குப் போக வேண்டும் போல இருந்தது.

பிடித்தது எது? ஜன்னலா, ஜன்னலுக்கு வெளியேயா? தாளை நிமிர்த்தி வைப்பதா, படுக்க வைப்பதா? தாளை நனைத்துவிட்டு வண்ணம் வைப்பதா, காய்ந்த தாளிலேயே ஆரம்பிப்பதா? வானத்தை முதலில் போட்டால் அது காயும்வரை மரத்தைத் தொட முடியாது. மரத்தை முதலில் போட்டால் வானத்துக்கு இடம் விட்டு விட்டுத் தீட்ட வேண்டும். ஒரு சின்னப் படத்துக்குள் நூறு முடிவுகள். ஒவ்வொன்றும் திரும்பப் பெற முடியாதது, ஏனென்றால் நீர்வண்ணத்தில் வெள்ளை என்பதே தீட்டாமல் விட்ட தாள்தான். விட்டால் விட்டது, வைத்தால் வைத்தது. அலுவலகத்தில்கூட ஒரு கோப்பைத் திருப்பி அனுப்பலாம்.

இரண்டு நாள் ஒரு கோடு உருப்படியாக வரவில்லை. சாயங்காலம் எல்லார் படத்தையும் சுவரோரம் வரிசையாக நிறுத்திப் பேசுவார்கள். என் தாள் மட்டும் பரீட்சைப் பேப்பர் மாதிரி நிற்கும். என் அறையில் அறுபது தாண்டிய ஒரு அம்மா தங்கியிருந்தார். அன்றுதான் வாழ்க்கையில் முதல் முறையாகத் தூரிகை பிடிக்கிறார். எதை வரைந்தாலும் குழந்தை மாதிரி கை கொட்டிச் சிரிப்பார். இரண்டாம் நாள் ராத்திரி என்னைப் பார்த்து, "நீ வரைய வந்தியாம்மா, இல்ல யாராவது மார்க் போடுவாங்கன்னு வந்தியா?" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை.

மூன்றாம் நாள் ஒரு விஷயம் நடந்தது. ஆசிரியர் என் தவிப்பைப் பார்த்துவிட்டு, ஒரு தாளில் பென்சிலால் ஒன்பது கட்டம் போட்டுக் கொடுத்தார். "அல்ட்ராமரின் நீலம், பர்ன்ட் சியன்னா. ரெண்டே ரெண்டு. முதல் கட்டத்துல சுத்த நீலம், கடைசியில சுத்தப் பழுப்பு. நடுவுல கொஞ்சம் கொஞ்சமா மாத்திக்கிட்டே போங்க. வேற எதுவும் செய்யாதீங்க." அவ்வளவுதான். நீலத்தில் ஒரு துளி செம்பழுப்பு விழுந்ததும் அது மழைக்கு முந்தின வானமாகியது. இன்னும் கொஞ்சம் சேர்த்தால் ஈரமான தார்ச்சாலை. நடுக்கட்டத்தில் நீலமும் இல்லை பழுப்பும் இல்லை, கடையில் வாங்கும் எந்தக் கறுப்பிலும் இல்லாத ஒரு சாம்பல். அல்ட்ராமரினுக்கு ஒரு குணம் உண்டு. அதன் துகள் தாளின் குழிகளில் போய்ப் படியும். காயக் காய அந்தச் சாம்பலுக்குள்ளிருந்து நீலப் பொடி மேலே மிதந்து வந்தது. குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். இரண்டு மணி நேரம் போனதே தெரியவில்லை.

ஐந்து நாளில் நான் நிம்மதியாக இருந்தது அந்த இரண்டு மணி நேரம்தான். ஊருக்குத் திரும்பும் பேருந்தில்தான் ஏன் என்று உறைத்தது. என்ன செய்ய வேண்டும் என்று அவர் சொல்லிவிட்டார். நான் செய்தேன். அன்றைக்கு எனக்குத் தேவைப்பட்டது அந்த ஒன்றுதான். அதற்கு நான் போயிருக்க வேண்டிய இடம் வேறு.

யோகம் என்ற சொல்லுக்கு வேர் யுஜ். பூட்டுதல் என்று பொருள், நுகத்தடியில் மாட்டைப் பூட்டுவது போல. ஆன்மா பரம்பொருளோடு சேர்வது என்றெல்லாம் அதற்கு மேலே விளக்கம் எழுதலாம், எழுதியும் இருக்கிறார்கள். எனக்கு அந்த மாடு போதும். யோகா ரிட்ரீட்டின் முதல் மருந்து, உங்களை ஒரு கால அட்டவணையில் பூட்டிவிடுவது. விடியுமுன் மணி அடிக்கும், எழுந்திருக்க வேண்டும். பிராணாயாமம், ஆசனம், சாப்பாடு, கொஞ்ச நேரம் பெருக்குவதோ பாத்திரம் கழுவுவதோ, பிறகு உரை, திரும்ப ஆசனம், தியானம், விளக்கணைப்பு. சுவாமி விஷ்ணுதேவானந்தா 1960களில் கனடாவில் யோகாவையும் விடுமுறையையும் ஒன்றாகச் சேர்த்து முகாம் தொடங்கினார். அவருடைய மரபில் அடிப்படை ஆசனங்கள் பன்னிரண்டு, வரிசையும் அதேதான், தலைகீழாக நிற்பதில் ஆரம்பித்து முக்கோணத்தில் முடியும். நாளைக்கு என்ன வரும் என்று யோசிக்க வேண்டியதில்லை. இன்றைக்கு வந்ததுதான் வரும். அலுப்பாக இருக்காதா என்று கேட்பவர்கள் முடிவெடுத்துக் களைத்ததில்லை என்று அர்த்தம்.

"மூச்சை இழுத்துக்கொண்டே வலது கையை உயர்த்துங்கள்." இந்த ஒரு வாக்கியத்துக்குள் இருக்கும் இரக்கத்தை அதற்கப்புறம்தான் நான் புரிந்துகொண்டேன். எந்தக் கை என்றுகூட நான் யோசிக்க வேண்டாம். மூச்சையும் அவரே சொல்லிவிட்டார்.

கலை ரிட்ரீட் இதற்கு நேர் எதிர். அங்கே பூட்டை அவிழ்த்து விடுகிறார்கள். அவிழ்த்துவிட்ட மாடு எங்கே மேயும் என்பது மாட்டின் பாடு. அதிலும் இரண்டு வகை இருக்கிறது. இதைக் குழப்பிக்கொண்டு அவதிப்படுபவர்கள் நிறைய. ஒன்று, ஆசிரியர் இருந்து சொல்லித்தரும் பட்டறை வகை. மற்றது, நேரத்தையும் அறையையும் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் உறைவிட வகை. இந்த இரண்டாவதற்குப் பெயர் பெற்றது அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயரில் இருக்கும் மெக்டொவல். எட்வர்ட் மெக்டொவல் இசையமைப்பாளர். மனைவி மரியன் பியானோ கலைஞர். பண்ணைக் காட்டுக்குள் எட்வர்டுக்கென்று ஒரு மரக்குடில். அவர் உள்ளே எழுதிக்கொண்டிருக்கும்போது மரியன் மதியச் சாப்பாட்டுக் கூடையை வாசலில் வைத்துவிட்டு, கதவைத் தட்டாமலே போய்விடுவாராம். அந்தக் கூடைதான் பிறகு ஒரு நிறுவனமாக வளர்ந்தது. 1907-இல் கலைஞர்களுக்காக அந்த இடத்தைத் தொடங்கினார்கள். அடுத்த வருடமே எட்வர்ட் இறந்துவிட, மரியன் பல பத்தாண்டுகள் அதைத் தாங்கி நடத்தினார். அங்கே தங்கும் ஒவ்வொருவரின் குடில் வாசலிலும் மதியக் கூடையை வைத்துவிட்டுப் போவது வழக்கமாகவே நிலைத்தது. அழைக்காமல் அடுத்தவர் குடிலுக்குள் நுழையக் கூடாது என்பது விதி.

இதைப் படித்தால் யாருக்கும் ஏக்கம் வரும். எனக்கும் வந்தது. ஆனால் ஒன்றை யோசித்துப் பார்க்க வேண்டும். எட்வர்ட் அந்தக் குடிலுக்குப் போனது தலைக்குள் பாட்டு இருந்ததால். உள்ளே ஒன்று முட்டிக்கொண்டிருப்பவருக்குத்தான் தட்டாத கதவு சொர்க்கம். வெறும் களைப்போடு போகிறவருக்கு அதே கதவு, கூடை எப்போது வரும் என்று காத்திருக்கும் இடம். கலை வேலை களைப்பைப் போக்கும் என்று பொதுவாகச் சொல்கிறோம். அதற்கும் கையில் கொஞ்சம் முதல் வேண்டியிருக்கிறது. முதல் இல்லாமல் கடை திறந்த கதைதான் என் நீர்வண்ணம்.

இந்தப் பாடத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு அடுத்த தப்பைச் செய்தேன்.

அப்பா போய் நாலு மாதம் ஆகியிருந்தது. வேலை, வீடு, காகிதங்கள், கையெழுத்துகள். களைப்புத்தானே, இந்த முறை சரியாகச் செய்வோம் என்று மௌனம் கடைப்பிடிக்கும் ஒரு யோகா, தியான ரிட்ரீட்டில் சேர்ந்தேன். போன் கொடுத்துவிட வேண்டும். பேசக் கூடாது. புத்தகம், பேனா, நோட்டு எதுவும் கூடாது. இது அவர்கள் கொண்டுவந்த புது விதி அல்ல. தியான ஆசிரியர் கோயங்காவின் மரபில் வரும் பத்து நாள் விபாசனா தியான வகுப்பிலும் படிப்பதும் எழுதுவதும் கிடையாது. அங்கே யோகாசனத்தைக்கூட அந்த நாட்களுக்கு நிறுத்திவைக்கச் சொல்வார்கள். காலை நாலு மணிக்கு எழுந்தால் நாளுக்குப் பத்து மணி நேரம்போல உட்காருவது மட்டும்தான். காரணம் நியாயமானது. எழுத ஆரம்பித்தால் மனசு கதை கட்ட ஆரம்பிக்கும், நடப்பதைப் பார்க்காமல் நடந்ததை அலங்கரிக்கும்.

முதல் இரண்டு நாள் நன்றாகவே போனது. மணி அடித்தால் எழுந்தேன், சொன்னால் குனிந்தேன், நிமிர்ந்தேன். மூன்றாம் நாள் மதியம் சவாசனம். கால் விரலிலிருந்து ஒவ்வொரு உறுப்பாகத் தளர்த்திக்கொண்டே வரச் சொன்னார் ஆசிரியை. கணுக்கால், முழங்கால், இடுப்பு. "கைகளைத் தளர விடுங்கள்" என்றார். அப்பாவின் கையைக் கடைசியாகப் பிடித்திருந்தது என் வலது கை. அதைத் தளர விடச் சொன்னதும் என்னால் முடியவில்லை. கண்ணீர் காதுக்குள் ஒழுகியது. துடைக்கக் கையை எடுத்தால் பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியும். அப்படியே படுத்துக் கிடந்தேன்.

அன்று முழுக்க வாக்கியங்கள் வந்துகொண்டே இருந்தன. அப்பா கடைசி வாரத்தில் சொன்னது, சொல்ல ஆரம்பித்து நிறுத்தியது, நான் பதில் சொல்லாமல் மழுப்பியது. எழுதாவிட்டால் மறந்துவிடுமே என்ற பயம். ராத்திரி பையைத் துழாவியதில் ஒரு மருந்துச் சீட்டும், கண் மையெழுதும் பென்சிலும் கிடைத்தன. குளியலறை விளக்கைப் போட்டுக்கொண்டு அந்தச் சீட்டின் பின்பக்கம், கொட்டை கொட்டையாக, மூன்றே வரி எழுதினேன். அதற்குமேல் இடமில்லை. மறுநாள் காலை ஆசிரியை என் விரலில் ஒட்டியிருந்த மையைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அவர் மௌனத்தைக் காத்தாரா, என்னைக் காத்தாரா என்று இன்றுவரை தெரியாது.

அந்த ரிட்ரீட் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. சொன்னதைத்தான் செய்தார்கள். தப்பு என்னுடையது. எனக்கு அப்போது இருந்தது களைப்பு அல்ல, அடைப்பு. அடைப்புக்கு மேல் மௌனத்தை வைத்து மூடினால் அழுத்தம் கூடத்தான் செய்யும். அந்த வாரம் யாராவது ஒரு கட்டுத் தாளும் ஒரு மூலையும் கொடுத்து, "எழுதுங்க, யாரும் படிக்க மாட்டாங்க" என்று சொல்லியிருந்தால் அதுதான் எனக்கு ஆசனம்.

துக்கத்தில் இருப்பவர்கள் மௌன ரிட்ரீட்டே போகக் கூடாதா என்று கேட்டால், அப்படிச் சட்டம் போட நான் யார். அதில் நிம்மதி கண்டவர்களை எனக்கே தெரியும். ஆனால் மௌனத்தைக் காலியிடம் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். போகும்போது அங்கே கூட்டம் இருக்கும்.

இந்தப் பக்கம் யாரைக் கேட்டாலும் தயக்கத்துக்கு இரண்டு காரணம்தான் சொல்கிறார்கள். "எனக்கு வரைய வராது." "எனக்கு உடம்பு வளையாது."

முதலாவதற்கு ஒரு சின்ன ஆய்வு உண்டு. 2016-இல் அமெரிக்காவின் ட்ரெக்சல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிரிஜா கைமாலும் அவர் குழுவினரும் 39 பேரை 45 நிமிடம் களிமண், பேனா, ஒட்டுப்படம் என்று விருப்பம்போல் ஏதாவது செய்ய விட்டார்கள். முன்னும் பின்னும் உமிழ்நீரில் கார்டிசால் அளவைப் பார்த்தார்கள். மன அழுத்தத்தோடு சேர்ந்து ஏறும் ஹார்மோன் அது. சுமார் முக்கால்வாசிப் பேருக்கு அளவு குறைந்திருந்தது. முன்பு கலைப் பயிற்சி இருந்ததா இல்லையா என்பதால் பெரிய வித்தியாசம் வரவில்லை. என் அறைத்தோழி அம்மா கை கொட்டிச் சிரித்தது இதனால்தான். மிச்சமுள்ள கால்வாசியில் நான் இருந்திருப்பேன்.

இரண்டாவதற்கு யோக சூத்திரம் எழுதிய பதஞ்சலியே பதில். யோக சூத்திரங்கள் 195, சிலர் கணக்கில் 196. அவற்றில் நேரடியாக ஆசனத்தைப் பேசுவன மூன்றே மூன்று. அவையும் காலைத் தோளில் போடச் சொல்லவில்லை. நிலையாகவும் சுகமாகவும் இருப்பது ஆசனம் என்கின்றன. நிறைய ரிட்ரீட் விளம்பரங்களில் வில்லாக வளைந்து நிற்பவர் பதஞ்சலிக்கு அவ்வளவு முக்கியமில்லை. உடம்பு விஷயத்தில் உண்மையாகவே கவனிக்க வேண்டியது வேறு. கண்ணில் கிளாக்கோமா இருப்பவர்கள் தலைகீழாக நிற்கக் கூடாது, கண் அழுத்தம் அந்த நிலையில் பலமாக ஏறும். உயர் ரத்த அழுத்தமோ கர்ப்பமோ என்றால் மூச்சை வேகவேகமாக வெளியே தள்ளும் கபாலபாதி வேண்டாம். விண்ணப்பத்தில் இதையெல்லாம் கேட்காத இடத்துக்கு நான் போக மாட்டேன்.

திரும்பி வந்த பிறகு என்ன மிஞ்சும் என்பது அடுத்த கேள்வி. நெதர்லாந்தில் யெசிகா தெ ப்ளூம் விடுமுறையின் பலன்களைத் தொடர்ந்து ஆராய்ந்தவர். 2010-இல் வெளியான அவர் குழுவின் ஆய்வில், விடுமுறை தந்த நலமெல்லாம் வேலைக்குத் திரும்பிய முதல் வாரத்துக்குள்ளேயே கரைந்திருந்தது. ரிட்ரீட்டும் ஒரு விடுமுறைதான், அதற்குத் தனிச் சலுகை கிடைக்கும் என்று நான் நம்பவில்லை. மிஞ்சுவது நலம் அல்ல, ஒரு வேலை அல்லது ஒரு பொருள். யோகாவில் கையோடு வருவது கண்ணுக்குத் தெரியாது. எனக்கு அந்த மௌன வாரத்திலிருந்து நாடி சுத்தி மட்டும் ஒட்டிக்கொண்டது. மோதிர விரலால் ஒரு மூக்கை அடைத்து, கட்டைவிரலால் மற்றதை அடைத்து, பத்து நிமிடம். அம்மாவுக்கு மருந்து கொடுப்பதற்கு முன் இன்றும் செய்கிறேன். கலையில் கையோடு வருவது ஒரு பொருள், அது வீட்டுச் சுவரில் இருந்துகொண்டு உங்களைப் பார்க்கும். சில நாள் அன்பாக, சில நாள் குத்தலாக. என் ஒன்பது கட்டம் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது. வெளிப்பக்கம் ஒட்ட இன்னும் தைரியம் வரவில்லை.

களிமண்ணில் அதுவும் உடனே கிடையாது. ஆறு நாளில் வனைந்த கிண்ணம் ஆறாம் நாள் கையில் வராது. முதலில் முழுக்கக் காய வேண்டும். உள்ளே ஈரம் இருந்தால் சூளைச் சூட்டில் நீராவியாகிப் பாண்டத்தை வெடிக்க வைக்கும். அப்புறம் ஏறக்குறைய 1000 டிகிரி செல்சியஸில் முதல் சுடுதல். அப்புறம் கிளேஸ் என்ற கண்ணாடிப் பூச்சைப் பூசி இன்னொரு சுடுதல். பல இடங்களில் பிறகு பார்சலில்தான் அனுப்புகிறார்கள், அதில் உடைவது போக மிச்சம் உங்களுக்கு. விண்ணப்பிக்குமுன் இதைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வேறு எதைக் கேட்காவிட்டாலும், ஒரு நாளில் அவர்கள் கைக்கு எத்தனை மணி நேரம், உங்கள் கைக்கு எத்தனை மணி நேரம் என்று மட்டும் கேளுங்கள். அந்த ஒரு பதிலில் மொத்த ரிட்ரீட்டும் தெரிந்துவிடும்.

இப்போதெல்லாம் இரண்டையும் கலந்து விற்பதும் நடக்கிறது. காலையில் யோகா, மதியம் ஓவியம், ராத்திரி டைரி. கேட்கத் தேனாக இருக்கும். இதற்கு ஆதரவாக ஒரு ஆய்வைக் காட்டுவார்கள். லைடன் பல்கலைக்கழகத்தில் லொரென்சா கோல்சாட்டோவின் குழு 2012-இல் வெளியிட்டது. வருவதையெல்லாம் தடுக்காமல் கவனிக்கும் வகைத் தியானத்துக்குப் பின் மனசு புதுப் புது வழிகளில் யோசித்தது, ஒரே புள்ளியில் குவிக்கும் தியானத்துக்குப் பின் அப்படி ஆகவில்லை என்பது அதன் சாரம். கலந்துகொண்டவர்கள் 19 பேர், எல்லாரும் ஏற்கெனவே தியானம் பழகியவர்கள். அதாவது எந்தத் தியானம் என்பதைப் பொறுத்தது, யார் என்பதையும் பொறுத்தது. விளம்பரத்தில் இது எதுவும் இருக்காது. எனக்குக் கலப்பு ரிட்ரீட் என்றாலே கல்யாண வீட்டில் இரண்டு பந்தியிலும் அவசரமாக உட்கார்ந்து எழுந்தவன் ஞாபகம்தான். தூரிகை கையில் பழகும் நேரத்தில் மணி அடித்துவிடும். ஒரு வேளை ஆசனத்தை வேலைக்கு முன் உடம்பைத் தயார் செய்ய மட்டும் வைத்திருக்கிறார்கள் என்றால் அது வேறு. நாள் முழுக்கக் குனிந்து சக்கரத்தில் இருப்பவர் முதுகுக்கு அது உதவும்.

என் இரண்டு விண்ணப்பங்களுக்கு வருகிறேன்.

யோகாவின் விண்ணப்பம் சுலபம். வயது, எடை, அறுவை சிகிச்சை ஏதும் உண்டா, எத்தனை வருடப் பயிற்சி. நாலு நிமிடத்தில் நிரப்பிவிட்டேன். நிரப்பி, அனுப்பாமல் மூன்று வாரமாக வைத்திருக்கிறேன். களிமண்காரர்கள் முன் அனுபவம் உண்டா என்பதைத் தவிர ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருக்கிறார்கள்: ஏன் வர விரும்புகிறீர்கள்?

முந்தாநாள் ராத்திரி அம்மாவின் மருந்து அட்டவணையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆறு மணிக்கு ஒன்று, எட்டு மணிக்குச் சாப்பாட்டுக்கு முன் ஒன்று, பின் இரண்டு, பதினொன்றுக்குச் சொட்டு மருந்து, இரண்டு மணிக்குக் கால் மடக்கி நீட்டும் பயிற்சி, நாலுக்கு, ஏழுக்கு, ஒன்பதுக்கு. எட்டு மாதமாக இதுதான் என் நாள். மணி அடிக்கிறது, எழுந்திருக்கிறேன். எண்ணிப் பார்த்தால், இந்த எட்டு மாதத்தில் நானாக எடுத்த முடிவு என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் யோசிக்க வேண்டியிருக்கிறது. சீப்பு வாங்கினேன். அவ்வளவுதான்.

நான் ஏற்கெனவே பூட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். இதற்கு மேல் ஆறு நாள் வேறொரு நுகத்தடி எதற்கு?

ஏன் வர விரும்புகிறீர்கள் என்பதற்குக் கீழே எழுத ஆரம்பித்தேன். கொடுத்திருந்த இடம் ஐந்து வரி. பின்பக்கமும் நிரம்பி, தனித்தாள் ஒன்று இணைக்க வேண்டியதாயிற்று. முன் அனுபவம் என்ற இடத்தில் "இல்லை" என்று எழுதினேன். மறுநாளே பதில் வந்துவிட்டது. இடம் உண்டு, பழைய துணி இரண்டு எடுத்து வரவும், வருமுன் நகங்களை ஒட்ட வெட்டிக்கொள்ளவும், நீண்ட நகம் மண்ணைக் கிழிக்கும்.

தம்பியிடம் சொன்னேன். "மண்ணா? ஆறு நாளா? சரி, அழுக்குத் துணிய அங்கேயே துவச்சிட்டு வா" என்றான்.

போக இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது. அதற்குள் திரும்ப வளர்ந்துவிடும் என்று தெரியும். ஆனாலும் நேற்று ராத்திரி, ஒன்பது மணி மாத்திரை கொடுத்துவிட்டு, பத்து விரலிலும் நகத்தை வெட்டிவிட்டேன்.